நெற்றவிடு வளவை விட்டுப் போகலாமா?

நெல் விளையும் ஊரிலே தவிட்டுக்குப் பஞ்சமில்லை என்பது யாவரும் அறிந்ததே. எனினும், எளிதிற் கிடைக்கும் பொருளுக்கு மதிப்புக் குறைவு என்பதும் அதே அளவு உண்மையாகும். அறுவடை முடிந்ததும் நெல் ஆலைக்குச் செல்கின்றது. அரிசி வீட்டுக்குத் திரும்புகின்றது. தவிடோ பல இடங்களில் ஆலையிலேயே தங்கி, மூடைகளிற் கட்டப்பட்டு வெளியூர் செல்கின்றது. பின்னர் அது பிற பொருள்களோடு கலக்கப்பட்டு, கோழித்தீன் என்னும் பெயருடன் பன்மடங்கு விலையில் ஊர்க் கடைக்கு வந்து சேர்கின்றது. கமக்காரர் தம் வயலில் விளைந்த பொருளின் ஒரு பகுதியைக் குறைந்த விலைக்குக் கைவிட்டு, அதனையே கூடிய விலைக்கு மீண்டும் வாங்குதல் சிக்கனமாகுமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பிரிவிலுள்ள கிளிவெட்டி, இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற ஊராகும். மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கும் வட்டாரத்தில், அல்லைத் திட்ட வயல்களுக்கு அயலே அமைந்த இவ்வூர் நெற்செய்கையை நம்பி வாழ்வது. வளவுகளிற் கோழி வளர்ப்பதும் இப்பகுதி மக்களுக்குப் பழகிய தொழிலே. நெல்லும் கோழியும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும்போது, அவ்விரண்டையும் இணைக்கவல்ல தவிடு மட்டும் வேலிக்கு வெளியே செல்வது பொருத்தமற்றது.

ஊர்த் தவிடு முதலில் ஊர்க் கோழிக்கே உரியது. ஆயினும், அது எத்தகைய தவிடு, எத்துணைப் புதியது, எவ்வளவு இடப்படுகின்றது, எதனோடு கலக்கப்படுகின்றது என்னும் நான்கையும் அறிந்தே இடுதல் வேண்டும். இந்நான்கையும் பாராது தவிட்டை அள்ளி இறைப்போர் பயனடையார்; அவர் அடையும் நட்டத்தைக் காட்டித் தவிட்டைக் குறைகூறுவதும் நீதியன்று.

கோழி காட்டிய உண்மை

தவிட்டின் அருமையை உலகுக்கு உணர்த்தியது கோழியே என்பது பலர் அறியாத செய்தி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த சாவகத் தீவின் பத்தாவியா நகரில், கிறித்தியான் எய்க்மன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பத்தாவியா என்பது இன்றைய யகார்த்தா நகராகும். அவருடைய ஆய்வுகூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து, நிற்கவும் இயலாது விழுந்தன. சில மாதங்களின் பின் அவை தாமாகவே நலமடைந்தன. காரணத்தைத் தேடியபோது, நோயுற்ற காலத்தில் அவற்றுக்கு இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய, நன்கு தீட்டிய வெள்ளையரிசிச் சோறு இடப்பட்டதென்பது தெரியவந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கொடுக்க மறுத்தமையால் அவை தீட்டாத அரிசியை உண்டு குணமடைந்திருந்தன.

தவிட்டிலே உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் உள்ளது என்று 1901ஆம் ஆண்டில் கெரிட் கிறைன்சு என்பவர் விளக்கினார். 1926ஆம் ஆண்டில் யான்சன், டொனாத் ஆகிய இருவரும் அதே பத்தாவியாவில் அப்பொருளைத் தவிட்டிலிருந்தே தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். அதுவே இன்று விற்றமின் பீ-1 எனப்படுவது. எய்க்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மனிதர் சோற்றின் வெண்மைக்காகக் கழித்துவிடும் பகுதியிலேயே உயிர்நிலைச் சத்துத் தங்கியுள்ளது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

தவிட்டில் உள்ளவையும் இல்லாதவையும்

100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமியும், 8 முதல் 10 கிலோ வரை தவிடும் கிடைக்கும். எஞ்சியது அரிசியும் குறுணலுமாகும். உமி கலவாத நல்ல தவிட்டில் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு வரை புரதமும், 12 முதல் 18 பங்கு வரை எண்ணெயும் உண்டு. அரிசியிலுள்ள புரதம் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கேயாம். எனவே, சத்தின் அளவிலே தவிடு அரிசிக்குத் தாழ்ந்ததன்று.

ஆனால், அது தனித்து நின்று கோழியைக் காக்கும் முழுமையான தீனுமன்று. முட்டையிடும் கோழிக்கு வேண்டிய அளவு புரதம் அதில் இல்லை. சுண்ணச்சத்தாகிய கல்சியமோ மிக மிகக் குறைவு. ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் தேவை. தவிட்டை மட்டும் உண்ணும் கோழி அதனைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்க நேரிடும். தோல்முட்டை இடுதலும், ஓடு மெலிந்து கூட்டிலேயே முட்டை உடைதலும் இக்குறையின் அறிகுறிகள். தவிட்டிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதியும் கோழியாற் செரிக்கவியலாத வடிவில் இருப்பதோடு, பிற தாதுச் சத்துக்கள் உடலிற் சேர்வதையும் ஓரளவு தடுக்கின்றது. ஆகவே, தவிட்டைத் தீனின் ஒரு பகுதியாகக் கொள்வதே முறை.

எத்தகைய தவிடு?

‘தவிடு’ என்னும் ஒரே பெயரால் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. இதுவே தவிட்டைப் பற்றிய குறைகள் பலவற்றுக்கும் மூலகாரணம். இறப்பர் உருளை பொருத்திய ஆலையில் உமி முதலில் தனியே நீக்கப்பட்டு, அதன்பின் அரிசி தீட்டப்படுவதால், மென்மையான நுண்தவிடு கிடைக்கின்றது. பழைய இரும்புருளை ஆலையிலோ உமி நீக்குதலும் தீட்டுதலும் ஒருங்கே நிகழ்வதால், நொறுங்கிய உமியும் தவிடும் கலந்தே வெளிவருகின்றன. உமியின் சாம்பலிற் பெரும்பகுதி மணற்சத்தாகும். கோழிக்கு அதனால் எவ்வகை ஊட்டமும் இல்லை. இரைப்பை நிறையும், உடல் நிறையாது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. ஒரு பிடி தவிட்டை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால், நல்ல தவிடு எண்ணெய்ப் பசையால் உருண்டையாக நிற்கும். உமி மிகுந்தது குத்தலோடு உதிர்ந்துவிடும். தண்ணீர்ப் பாத்திரத்திற் சிறிது தூவினால் உமித்துண்டுகள் மேலே மிதந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும். மெல்லிய அரிதட்டினால் அரித்தெடுத்தால் கலப்புத் தவிட்டிலிருந்தும் ஓரளவு நுண்தவிட்டைப் பெறலாம்.

தவிடு மாட்டுக்கு உரியதன்றோ என்று கேட்போர் உளர். இதற்கு விடை பகிர்ந்தளிப்பிலே உள்ளது. அரிதட்டில் நின்ற பருந்தவிட்டை அசைபோடும் மாடு ஓரளவு பயன்படுத்திக்கொள்ளும். கோழியால் அது முடியாது. ஆகையால் நுண்தவிடு கோழிக்கும், பருந்தவிடு மாட்டுக்கும், உமி கோழிக்கூட்டின் தரைக்கும் ஆகுக. தரையில் உலர்ந்த உமியைப் பரப்பினால் அது எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் அதனைக் குவித்து மக்கவைத்து வயலுக்கு இடலாம். இவ்வாறு செய்யுமிடத்து நெல்லிற் கழிவு என்று தள்ளத்தக்கது யாதொன்றும் இல்லை.

எத்துணைப் புதியது?

தவிட்டின் முதற் பகைவன் காலமே. நெல்மணிக்குள் எண்ணெயும் அதனைச் சிதைக்கும் நொதியமும் வெவ்வேறாக அடங்கிக் கிடக்கின்றன. தீட்டும்போது இரண்டும் ஒன்றுகலக்க, அக்கணமே சிதைவு தொடங்குகின்றது. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிற் பச்சை நெல்லின் தவிடு சில நாள்களுக்குள்ளேயே கெட ஆரம்பிக்கும். காறல் மணமும் கசப்பும் தோன்றிய தவிட்டைக் கோழி விரும்பி உண்ணாது. உண்டாலும் அதிலுள்ள விற்றமின்கள் முன்னரே அழிந்துபோயிருக்கும்.

புழுங்கல் நெல்லின் தவிட்டில் அந்நொதியம் அவியும் வெப்பத்தாலேயே செயலிழந்துவிடுவதால் அது சற்றுக் கூடிய நாள் தாங்கும். எண்ணெயும் அதில் மிகுதி. எனினும், காற்றுப் பட்டு அதுவும் காலப்போக்கிற் காறலடிக்கும். பச்சைத் தவிட்டைச் சில நாள் வைத்திருக்க வேண்டுமாயின், ஆலையிலிருந்து வந்த அன்றே நீராவியில் அவித்து, வெயிலில் மெல்லிதாகப் பரப்பி நன்கு உலர்த்துதல் நன்று. அகன்ற சட்டியிலிட்டு, கருகாமல் நன்கு சூடேற வறுத்தலும் ஓரளவு உதவும்.

இவை யாவற்றிலும் சிறந்த வழி, பெருந்தொகை நெல்லை ஒரேமுறை குற்றாது, இரு வாரங்களுக்கு ஒருமுறை வேண்டிய அளவே குற்றுவித்தலாகும். ஆலைக்கு இன்னொரு முறை செல்லும் சிரமம் உண்மையே. ஆனால் அச்சிரமத்துக்குக் கூலியாகக் குடும்பத்துக்குப் புத்தரிசியும், கோழிக்குப் புதுத்தவிடும் கிடைக்கின்றன.

மாரிகாலத்தில் இவ்விடயத்திற் கூடிய கவனம் வேண்டும். வடகீழ்ப் பருவமழை பொழியும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் சாக்கிலுள்ள தவிடு விரைவிற் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த தவிட்டிலும் பிண்ணாக்கிலும் அஃபிளாநச்சு தோன்றக்கூடும். அது கோழியின் ஈரலைக் கெடுத்து முட்டையைக் குறைக்கும். கட்டிபட்ட தவிட்டை வெயிலிற் காயவைத்து இடுவதால் அந்நச்சு நீங்கிவிடாது. கெட்ட தவிட்டைக் கோழிக்கு மட்டுமன்றி எவ்வுயிருக்கும் இடாது எருக்குழியிற் சேர்ப்பதே நேர்மையான சிக்கனம்.

எவ்வளவு, எதனோடு?

பகலெல்லாம் வளவிலே மேய்ந்து திரியும் ஊர்க்கோழி, புழு பூச்சி, புல், சிந்திய தானியம், அடுக்களைக் கழிவு என்பவற்றால் தன் தேவையில் ஒரு பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். அதற்கு மாலையில் ஒரு கோழிக்கு 50 கிராம் அளவிற் கலவைத்தீன் கொடுத்தல் பொதுவாகப் போதுமானது. கிளிவெட்டிப் பகுதியிற் பெறக்கூடிய பொருள்களைக் கொண்டு அத்தகைய கலவையொன்றைப் பின்வருமாறு அமைக்கலாம்:

நுண்தவிடு — 40 பங்கு
குறுணல் — 30 பங்கு
தேங்காய்ப் பிண்ணாக்கு — 20 பங்கு
உப்பிடாது உலர்த்தி இடித்த மீன்தூள் — 7 பங்கு
இடித்த சிப்பி ஓடு — 3 பங்கு

இக்கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு புரதம் அமையும். மூதூர்க் கரையோரத்தில் மீன் வெட்டுமிடத்துக் கழிக்கப்படும் தலை முதலியவற்றை அவித்து உலர்த்தி இடித்தால் மீன்தூள் ஆகும். உப்பிட்ட கருவாட்டைப் பயன்படுத்தலாகாது. மிகுந்த உப்புக் கோழிக்கு நஞ்சாகும். மீன்தூளின் அளவு கூடினால் முட்டையில் மீன்வாடை வீசும். முட்டையிடும் கோழிகளுக்கு மேற்சொன்ன 3 பங்கு சிப்பி ஓடு போதாது. ஆகையால் ஒரு சிரட்டையில் இடித்த சிப்பி ஓட்டைத் தனியே வைத்துவிடல் வேண்டும். கோழி தன் தேவையறிந்து கொத்திக்கொள்ளும். முருங்கை, அகத்தி முதலிய இலைகளை வேலியிலிருந்து ஒடித்துக் கட்டித் தொங்கவிடுவது தாதுச் சத்தும் விற்றமினும் பெறுதற்கு எளிய வழி. தூய குடிநீர் எந்நேரமும் இருத்தல் வேண்டுமென்பதைக் கூறவும் வேண்டுமோ?

குஞ்சுகளின் நிலை வேறு. பொரித்த முதல் ஐந்தாறு வாரங்களுக்கு அவற்றுக்குத் தவிடு ஏற்றதன்று. சிறிய இரைப்பையை நார்ப்பொருளால் நிரப்பினால் வளர்ச்சி குன்றும். அவற்றுக்குப் பொடிக் குறுணலும் புரதம் மிகுந்த தீனும் வேண்டும். ஈரச் சாணத்தையும் வைக்கோலையும் பழைய பானையில் அடைத்துப் புற்றருகே கவிழ்த்துவைத்துக் கறையான் பிடித்துக் குஞ்சுக்கு இடும் பழைய வழக்கம், இன்றைய ஊட்டவியல் நோக்கிலும் சிறந்ததேயாம். கூட்டில் அடைத்து வளர்க்கப்படும் உயரினக் கோழிகளுக்கு மேற்கூறிய கலவை பொருந்தாது. மேய்ச்சலற்ற அவற்றுக்குச் சமச்சீரான முழுத்தீனே வேண்டும். அதில் தவிடு நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இவற்றையெல்லாம் செய்தற்கு வேண்டிய தவிடு எங்கிருந்து வரும் என்னும் ஐயத்தைக் கணக்கே தீர்த்துவைக்கும். இலங்கையில் ஒருவர் ஓராண்டில் உண்ணும் அரிசி சராசரியாக ஏறத்தாழ 110 கிலோ. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மாதமொன்றுக்கு 45 கிலோ அரிசி வேண்டும். இதற்காகக் குற்றப்படும் நெல் ஏறத்தாழ 67 கிலோ. அதிலிருந்து கிடைக்கும் தவிடு ஐந்தரைக் கிலோ அளவினது. மேற்கண்ட கலவையில் ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு வேண்டிய தவிடு 20 கிராமே. மாதத்துக்கு 600 கிராம். அஃதாவது, ஒரு குடும்பம் தான் உண்ணும் சோற்றுக்காகக் குற்றும் நெல்லின் தவிடே ஒன்பது கோழிகளுக்குப் போதும். விற்பனைக்காகக் குற்றும் நெல்லின் தவிடு இதிற் சேராது. வளவுக்கு அளவான கோழித்தொகையும் ஏறக்குறைய அதுவே. தவிட்டை வெளியே அனுப்பிவிட்டுத் தீனுக்காகக் கடையை நாடுதல் எத்துணை வீண் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேய்ச்சலை மட்டுமே நம்பிய ஊர்க்கோழி ஆண்டொன்றுக்கு 40 முதல் 60 முட்டை வரையே இடுவது வழக்கம். முறையான மாலைத்தீன் இத்தொகையைக் கூட்டக்கூடும்; உயரினக் கோழிபோல் 300 முட்டை இடச் செய்யாது. இதனை ஒளிக்காது கூறுதல் வேண்டும். ஊர்க்கோழியின் சிறப்பு அதன் முட்டைத்தொகையில் அன்று. குறைந்த முதலில், வெயிலையும் மழையையும் தாங்கி, தானே அடைகாத்துக் குஞ்சு பொரித்துப் பெருகுவதிலேயே உள்ளது. விலைத்தீனை அதற்கு வயிறாரக் கொடுத்து இலாபம் தேடுவோர் ஏமாற்றமடைவது இதனாலேயே. வளவிலேயே கிடைக்கும் தவிடு அதன் இயல்புக்குப் பொருந்துகின்றது.

மேய்ச்சலே போதும், தீன் எதற்கு என்பது மற்றொரு சாராரின் வாதம். அறுவடைக் காலத்தில் அவர் கூற்று ஓரளவு சரியே. களத்திலும் தெருவிலும் நெல் சிந்திக் கிடக்கும். ஆனால் அது சில வாரங்களுக்கே. அதன்பின் வளவின் மேய்ச்சல் மெலிய, கோழியும் மெலிந்து முட்டையிடுதலை நிறுத்துகின்றது. அடைமழை நாள்களிலோ அது கூட்டை விட்டு இறங்குவதே அரிது. இக்காலங்களில் தவிட்டுக் கலவை தவறாது கிடைத்தல் வேண்டும்.

இது சிறிய காரியமன்று

கோழி சிறியது, ஆயினும் அதனால் தாங்கப்படும் வாழ்வு சிறியதன்று. 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்த சம்பூர்ப் பகுதி மக்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டியின் இடைத்தங்கல் முகாமில் வாழ்ந்தமை இவ்வட்டாரம் மறவாத வரலாறு. வயலும் மாடும் இழந்த குடும்பம் மீண்டும் எழுந்து நிற்க முற்படும்போது, நிலமும் பெருமுதலும் வேண்டாது முதலில் வாங்கக்கூடிய உயிர்ச்செல்வம் இரண்டு கோழிகளேயாம். அக்கோழிகளின் வருவாய் பெரும்பாலும் இல்லத்தரசியின் கையிற் சேர்ந்து, பிள்ளையின் கொப்பிக்கும் மருந்துக்கும் உடனே உதவுவது.

நாடு முழுவதற்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதித் தீன்பொருள்கள் அருகிப் பெரும் பண்ணைகள் தளர்ந்தன. முட்டை விலை ஏழைக்கு எட்டாது உயர்ந்தது. 2023ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டையே இறக்குமதி செய்யப்பட்டது. ஊரிலே விளைந்த பொருளை உண்டு வளரும் கோழிகள் ஒவ்வொரு வளவிலும் சிலவேனும் இருப்பின், துறைமுகத்தில் கப்பல் வராத நாளிலும் குழந்தையின் தட்டில் ஒரு முட்டை இருக்கும். வளவுக்கோழி பண்ணைக்கு மாற்றாகாது. ஆனால் பண்ணை தளரும் காலத்தில் குடும்பத்துக்குக் காவலாகும்.

செய்யவேண்டியவை

இதன்பொருட்டு வேண்டுவன பெருஞ்செலவுக்குரியன அல்ல. நெல்லைக் குற்றக் கொடுப்போர், குற்றுக்கூலியைப் பேசும்போதே தவிடு யாருக்குரியது என்பதையும் பேசிக்கொள்ளுதல் வேண்டும். கூலிக்கு ஈடாகத் தவிட்டை ஆலையிலேயே விட்டுவிடும் வழக்கம் உள்ள இடங்களில், கூலியைப் பணமாகக் கொடுத்துத் தவிட்டைப் பெறுதல் இலாபமா என்பதைக் கடைத்தீனின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். ஆலையுடையோர் உமியையும் தவிட்டையும் வெவ்வேறாக எடுத்து, குற்றிய நாளைச் சாக்கின்மேற் குறித்துக் கொடுப்பராயின், அவர்தம் தவிட்டுக்கே நற்பெயர் உண்டாகும். மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் பிண்ணாக்கையும் சிப்பி ஓட்டையும் கூட்டாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும்.

தீன் எத்துணை நன்றாயினும், இராணிக்கெட் நோய் ஒருமுறை புகுந்தால் ஒரே வாரத்திற் கூடு வெறிதாகிவிடக்கூடும். ஆகையால், கால்நடை வைத்திய அலுவலகத்தின் ஆலோசனைப்படி உரிய காலத்தில் தடுப்பூசி இடுவித்தலும், இரவிற் கோழிகளை உயர்ந்த, காற்றோட்டமுள்ள கூட்டில் அடைத்தலும் தீனிடுதலுக்கு முற்பட்ட கடமைகளாகும்.

அடுத்த முறை நெல் மூடை ஆலைக்குச் செல்லும்போது, அரிசிக்கு ஒரு சாக்கோடு தவிட்டுக்கும் ஒரு சாக்கு உடன் செல்லட்டும். அரிசி குடும்பத்துக்கு, தவிடு கோழிக்கு, கோழியின் முட்டை மீண்டும் குடும்பத்துக்கு. உழுதவர் கைக்கே விளைவின் முழுப்பயனும் வந்து சேர்தற்கு அந்த இரண்டாவது சாக்கே தொடக்கமாகும்.